குயிக்ஆபீஸ் நிறுத்தம்: பழைய வேலைக்கு மாற்று எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியிலேயே வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளைத் திறந்து திருத்த உதவும் குயிக்ஆபீஸ் செயலியை நிறுத்திவிடப் போவதாகச் 2014 ஜூன் மாதக் கடைசியில் கூகுள் நிறுவனம் அறிவித்தது. அதுபற்றித் தங்கள் நாளிதழில் வந்த சிறு செய்தி, அச்செயலியின் வசதிகள் கூகுளின் டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் ஆகிய மூன்று செயலிகளுக்கு மாற்றப்பட்டுவிட்டதால் பயனாளர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை என்று முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அறிவிப்பு வந்தது முதல் பயனாளர்கள் தெரிவித்துவரும் அதிருப்தியைப் புதியதை ஏற்க மனமில்லாதவர்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்குவதும் முறையாகாது.

குயிக்ஆபீஸ் நேற்று முளைத்த செயலி அல்ல. பாம் (Palm) கையடக்கக் கருவிகள் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே தோன்றி, பின்னர் சிம்பியன் இயங்குதளத்தைக் கொண்ட நோக்கியா கைப்பேசிகள் பலவற்றில் வாங்கும்போதே நிறுவப்பட்டு வந்தது. நோக்கியா இ-71 கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்திருந்த அலுவலர்கள் பலருக்கு, மேசைக் கணினியின் துணையில்லாமல் ஓர் எக்செல் தாளைத் திறந்து பார்க்கலாம் என்பதை முதன்முதலில் காட்டியது அதுதான். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தபோது பணம் கொடுத்து வாங்க வேண்டிய செயலியாக இருந்தது. ஐபேடுக்கான பதிப்பின் விலை 20 டாலரை ஒட்டி இருந்தது. 2012 ஜூன் மாதத்தில் கூகுள் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. 2013 செப்டம்பரில் செயலியை அனைவருக்கும் இலவசமாக்கியதோடு, குறிப்பிட்ட நாளுக்குள் கூகுள் கணக்கின் வழியே அதில் நுழைந்தவர்களுக்கு டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்தில் 10 ஜிபி இடத்தை 2 ஆண்டுகளுக்குக் கூடுதலாகவும் வழங்கியது. இப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த செயலியைத்தான், ஓராண்டு நிறைவதற்குள் செயலிக் கடையிலிருந்து எடுக்கப் போகிறார்கள்.

நிறுவனத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு செயலிகளை வளர்ப்பது வீண் செலவு. அதுமட்டுமன்றி, இதுநாள்வரை வேர்டு கோப்பு ஒன்றைக் கூகுள் டாக்ஸில் திருத்த வேண்டுமானால் அதை முதலில் கூகுளின் சொந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அப்படி மாற்றும்போது அட்டவணையின் கோடுகள் விலகுவதும் பக்க அமைப்பு குலைவதும் வாடிக்கை. குயிக்ஆபீஸின் தொழில்நுட்பம் உள்ளே சேர்க்கப்பட்டதால், இப்போது அந்தக் கோப்பை அதன் மூல வடிவத்திலேயே திறந்து, திருத்தி, அப்படியே திருப்பி அனுப்ப முடிகிறது. இது மெய்யான முன்னேற்றம். ஆகவே நிறுத்தப்படுவது செயலிதானே தவிர, அதைச் செய்தவர்களின் உழைப்பு வீணாகிவிடவில்லை.

ஆனால், பயனாளர்கள் கேட்பது தொழில்நுட்பம் எங்கே போயிற்று என்பதை அல்ல. தாங்கள் பழகிய வேலைமுறைக்கு என்ன வழி என்பதையே. நான் வங்கிக் கடனுக்காக வீடு, மனைகளை மதிப்பிட்டு அறிக்கை தரும் தொழிலில் இருப்பவன். சிக்னல் எட்டாத கிராமத்தில், வீட்டுக்காரர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் நின்றபடி நீள அகலங்களைக் கைப்பேசியில் உள்ள எக்செல் தாளில் அந்தந்தக் கட்டத்தில் இட்டுவருவேன். கட்டடத்தின் வயதை மாற்றினால் தேய்மானம் மாறும். சதுர அடி விலையை மாற்றினால் மொத்த மதிப்பு மாறும். வழிகாட்டி மதிப்போடு ஒப்பிடும் வரி தானாகவே திருந்திக்கொள்ளும். அந்தத் தாள் மெமரி கார்டில் கிராமவாரியாக நான் போட்டுவைத்திருக்கும் அடைவு (ஃபோல்டர்) ஒன்றில் இருக்கும். குயிக்ஆபீஸில் அந்த அடைவுக்குள் நேரே போய், தாளைத் திறந்து, அதே இடத்தில் சேமித்துவிட்டு வரலாம். மாலையில் வீடு திரும்பியதும் கேபிளைச் செருகிக் கணினிக்கு மாற்றினால் அறிக்கையின் பாதி வேலை முடிந்துவிடும். இத்தனைக்கும் இணையம் தேவைப்பட்டதே இல்லை.

புதிய செயலிகளின் போக்கு வேறு. கூகுள் கணக்கோடு நுழைந்தவுடன் கண்ணில் படுவது டிரைவில் உள்ள கோப்புகளின் பட்டியல். இணையம் இல்லாத இடத்தில் அவற்றில் ஒன்று தேவைப்படுமானால், முன்கூட்டியே அதைக் கைப்பேசியில் வைத்திருக்கும்படி குறித்திருக்க வேண்டும். நகரத்து அலுவலகத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமல்ல. ஒரே கோப்பை நால்வர் சேர்ந்து திருத்துகிறவர்களுக்கு இதுவே வசதியும்கூட. ஆனால், என் தாளில் இருப்பவை கடன் கேட்டு வந்தவரின் பெயர், புல எண், பட்டா விவரம், அவருடைய வீட்டின் மதிப்பு ஆகியவை. அவற்றை யாருடைய சேமிப்பகத்திலும் ஏற்றாமல் என் கைவசமே வைத்திருப்பது என் தொழிலுக்குரிய கடமை. மருத்துவர், வழக்கறிஞர், தணிக்கையாளர் எனப் பிறருடைய விவரங்களைக் கையாளும் எவருக்கும் இது பொருந்தும். ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பு வந்தபின், நாம் நிறுவும் செயலிகள் மெமரி கார்டில் தம்முடைய அடைவுக்கு வெளியே எழுதுவதற்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டுவிட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோப்பு கைப்பேசிக்காரரிடம் இருப்பதைவிடத் தங்கள் சேமிப்பகத்தில் இருப்பதே இயல்பு என்ற எண்ணத்தோடு எல்லாம் நகர்த்தப்படுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஏற்கெனவே நிறுவியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம், புதிய வசதிகள் சேர்க்கப்பட மாட்டா, புதியவர்கள் நிறுவ முடியாது என்பதே அறிவிப்பின் சாரம். தொடர்ந்து பயன்படுத்தலாம் என்ற சலுகை கேட்க ஆறுதலாக இருந்தாலும், அதன் ஆயுள் எவ்வளவு என்று யாரும் உறுதி தரவில்லை. அறிவிப்பு வந்த அதே வாரத்தில்தான் ஆண்ட்ராய்டின் அடுத்த பதிப்பான ‘எல்’ அறிமுகமானது. ஆப்பிளும் ஐஓஎஸ் 8 பதிப்பை ஜூன் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்திவிட்டது. அவை பரவலாகக் கைப்பேசிகளுக்கு வந்து சேரும்போது, பராமரிப்பு நிறுத்தப்பட்ட ஒரு செயலி அவற்றில் ஒழுங்காக இயங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்தாலும் திருத்தம் வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வேர்டு, எக்செல் கோப்புகளின் வழியே தீங்கு நிரல்களை அனுப்புவது பழைய தந்திரம் என்பதால், ஆவணங்களைத் திறக்கும் செயலிக்கு இந்தக் கவலை மற்றவற்றைவிடக் கூடுதலாகவே உண்டு. இனி அலுவலகத்தில் புதிதாகச் சேரும் ஊழியருக்கு அதே செயலியை நிறுவித்தர வேண்டுமென்றால், முகம் தெரியாத தளங்களில் நிறுவல் கோப்பைத் தேடும் நிலைதான் வரும். அது நிறுத்தத்தைவிடப் பெரிய கேடு.

இதில் எனக்குச் சற்றும் விளங்காதது அவசரம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு மூன்று செயலிகளும் வந்துவிட்டன. ஐபோன், ஐபேடுக்கோ 2014 ஜூலை வரை டாக்ஸும் ஷீட்ஸும்தான் வந்துள்ளன, ஸ்லைட்ஸ் விரைவில் வரும் என்று மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. மாற்று முழுமையாக வந்து சேருமுன்பே பழையதை எடுக்கும் அறிவிப்பு வந்துவிட்டது. அதிலும் நாள் குறிப்பிடாமல், வரும் வாரங்களில் எடுக்கப்படும் என்றிருக்கிறது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் சேவையை 2013-இல் மூடியபோதுகூட, மார்ச் மாதத்தில் அறிவித்து ஜூலை 1 வரை அவகாசம் தந்தார்கள். பயனாளர்கள் தங்கள் பட்டியல்களை இறக்கிக்கொள்ளவும் வழி இருந்தது. அந்த மரியாதை இப்போது ஏன் இல்லாமற்போனது? 2012 ஜூலையில் கூகுளால் விலைக்கு வாங்கப்பட்ட ஸ்பாரோ என்ற மின்னஞ்சல் செயலி அதன்பின் வளராமல் நின்றுபோனதை நினைவில் வைத்திருப்பவர்கள், அதற்கு முந்தைய மாதம் வாங்கப்பட்ட குயிக்ஆபீஸுக்கும் இந்த முடிவை எதிர்பார்த்திருப்பார்கள்.

இலவசமாகக் கிடைத்ததற்கு என்ன புகார் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் செயலி தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் விலைக்கே விற்கப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். விலை கொடுத்தவரையும் இலவசமாக எடுத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இருவருக்கும் ஒரே அறிவிப்பைப் படித்துக்காட்டுவது சரியல்ல. மேலும், விலை இருக்கும்வரை வாங்குபவருக்குக் கேள்வி கேட்கும் இடம் ஒன்று இருந்தது. விலையை எடுத்தபோது அந்த இடமும் போய்விட்டது. எனக்கு அந்த இடம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி, இத்தனை ஆண்டுகள் பராமரிப்போம் என்ற எழுத்துப்பூர்வமான உறுதியோடு ஒரு செயலி கிடைக்குமானால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் என் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆவணங்கள் அழிந்துவிடும் என்ற அச்சம் மட்டும் தேவையில்லை. வேர்டு, எக்செல் ஆகியவற்றின் இன்றைய கோப்பு வடிவம் 2008-இல் பன்னாட்டுத் தரநிலையாக ஏற்கப்பட்டு, அதன் விவரக்குறிப்பு வெளியிடப்பட்ட ஒன்று. ஆகவே, வேறு செயலிகளும் அதே கோப்புகளைத் திறக்கின்றன. சாம்சங் கைப்பேசிகள் பலவற்றோடு வந்த போலாரிஸ் ஆபீஸ், கிங்சாப்ட் நிறுவனத்தின் டபிள்யூபிஎஸ் ஆபீஸ், ஆபீஸ்சூட், டாக்குமென்ட்ஸ் டு கோ ஆகியவை அவற்றுள் சில. மைக்ரோசாப்ட் நிறுவனமே 2014 மார்ச்சில் ஐபேடுக்கான ஆபீஸ் செயலிகளை வெளியிட்டது. ஆனால், அப்போது அவற்றில் படிப்பது மட்டுமே இலவசமாக இருந்தது, திருத்துவதற்கு ஆபீஸ் 365 சந்தா வேண்டியிருந்தது. இவற்றுள் ஏதாவது ஒன்றுக்கு மாறத்தான் போகிறோம். எது மெமரி கார்டில் உள்ள தாளைச் சூத்திரங்கள் சிதையாமல் திறந்து மூடுகிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பாடு மட்டும் எங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

கூகுள் நிறுவனம் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. ஐபோன், ஐபேடுக்கான ஸ்லைட்ஸ் வெளியாகும்வரையாவது குயிக்ஆபீஸைக் கடையில் விட்டுவைக்கலாம். எந்த நாள்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று எழுத்தில் சொல்லலாம். கைப்பேசியில் இருக்கும் ஒரு கோப்பைத் திறக்க மட்டும் விரும்புபவரை, கணக்கைக் கேட்காமல் உள்ளே விடலாம். கடைசியாகச் சொன்னது ஒன்று நடந்தாலே இப்போது எழும் குரல்களில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் கணினிப் பகுதியில் இந்தச் செயலிகளை ஒப்பிட்டு விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டும். அதில் வடிவமைப்பு அழகையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, இணையம் துண்டிக்கப்பட்ட நிலையில் எது எப்படி இயங்குகிறது, கோப்பை எங்கே சேமிக்கிறது, கணக்கு இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம், 10,000 ரூபாய்க்குக் குறைந்த கைப்பேசியில் நூறு வரி கொண்ட எக்செல் தாளைத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பவற்றைச் சோதித்து எழுதினால் உதவியாக இருக்கும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் ஆவணங்கள் இவற்றில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றனவே, அதற்கு வழி உண்டா என்பதையும் சேர்த்துக்கொண்டால் பத்திர எழுத்தர்களும் அச்சகத்தாரும் தங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சொத்து மதிப்பீட்டாளர், நாமக்கல்
ஜூலை 2014