இருபது பெயர் கேட்டாய், ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன்

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

சபையில் சின்னதாக ஒரு நூலகம் ஆரம்பிக்கிறோம், கிறிஸ்தவ நாவல்கள் இருபது பெயர் எழுதி அனுப்புங்கள் அண்ணா என்று கேட்டிருந்தாய். கூடவே, "கட்டுக்கதை வாசித்து என்ன பிரயோஜனம், அந்த நேரத்தில் வேதம் வாசிக்கலாமே" என்று பெரியவர் ஒருவர் சொன்னதையும் எழுதியிருந்தாய். பட்டியலை விட அந்தக் கேள்விதான் என் மனதில் தங்கிவிட்டது. முதலில் அதற்கு வருகிறேன்.

அவரோடு வாக்குவாதம் பண்ணாதே. 2 சாமுவேல் 12-ஐ எடுத்து அவரோடு உட்கார்ந்து வாசி. பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் புருஷன் உரியாவைச் சாகக் கொடுத்துவிட்டு, தாவீது ராஜா பாட்டுக்கு அரண்மனையில் இருக்கிறான். பத்துக் கட்டளைகள் அவனுக்குத் தெரியாதா? தீர்க்கதரிசி நாத்தான் வந்து கட்டளையை வாசித்துக் காட்டவில்லை. ஓர் ஏழை, அவன் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டி, அதைப் பறித்து விருந்து வைத்த பணக்காரன் என்று ஒரு கதை சொல்கிறார். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. அந்த மனுஷன் சாகவேண்டும் என்கிறான். அப்புறம்தான் வருகிறது, "நீயே அந்த மனுஷன்." அந்த ஆட்டுக்குட்டி எந்தத் தொழுவத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் ராஜாவின் மனதைத் திறந்தது அதுதான். ஆண்டவரும் கெட்ட குமாரனின் கதையைச் சொல்லும்போது, மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று சொல்லாமலே நிறுத்திவிட்டார். நல்ல நாவல்கள் எல்லாம் அந்த வாசலில் நின்றுதான் எழுதப்படுகின்றன என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு இந்த ருசி பிடித்தது பன்னிரண்டு வயதில், 'மோட்சப் பிரயாணம்' என்ற கதைப் புத்தகத்தில். எழுதிய ஜான் பனியன் ஓட்டைப் பாத்திரங்களைச் சரிசெய்து பிழைத்தவர். அரசின் தடையை மீறிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தார். 1678-இல் புத்தகம் வந்தது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சந்தேகக் கோட்டையின் நிலவறை மட்டும்தான் தெரியும். அவநம்பிக்கை என்கிற ராட்சதன் கதாநாயகன் கிறிஸ்தியானையும் அவன் கூட்டாளியையும் அங்கே அடைத்துப்போட்டு அடிக்கிறான். உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்கி, விடியும் நேரத்தில் கிறிஸ்தியானுக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது: அவன் மார்பிலேயே ஒரு சாவி இருக்கிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம். அத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, ஜெபிக்க வாய் திறந்தாலும் வார்த்தை வராத ஒரு காலம் எனக்கு வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த வசனம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சாவிதான். சாவியைப் பிடித்துக்கொண்டுதான் வசனத்துக்குத் திரும்பினேன். பெரியவரிடம் இதையும் சொல். (இந்தக் கதையைத்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர் கிறிஸ்துவைப் பாடினால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து பார். அவசரமாக வாசிக்கக் கூடாத புத்தகம்.)

சரி, பட்டியல். நான் அனுப்பப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஒருவருக்குப் புத்தகம் கொடுப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. ஒரு நாவல் பிடித்துவிட்டால், அதை யார் கையில் கொடுப்பது என்று மனம் தேட ஆரம்பித்துவிடும். ஒரு முகம் தோன்றும். அந்த முகத்துக்காக ஜெபித்துக்கொண்டேகூட புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பட்டியலில் அந்த முகம் இருக்காது.

முகத்தைப் பார்க்காமல் கொடுத்து நான் தவறியதும் உண்டு. ஷுசாகு எண்டோவின் 'சைலன்ஸ்' 1966-இல் வந்த நாவல். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில், கிறிஸ்துவின் உருவம் பதித்த தகட்டை மிதித்தால் விடுதலை, மறுத்தால் சித்திரவதை. அந்த நாட்களில் அங்கே போய்ச் சேரும் ஒரு பாதிரியாரின் கதை. எனக்கு உயிரான புத்தகம். அதை, மகனை அடக்கம்பண்ணி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேவன் மௌனமாயிருக்கிறார் என்று யாரும் புத்தகம் போட்டு அவருக்குச் சொல்லவேண்டிய நிலையில் அவர் இல்லை. பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதே புத்தகத்தை வேறொரு வாலிபனிடம் கொடுத்தேன். ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுந்து, இனி சபைக்கு வரும் தகுதியே இல்லை என்று ஒதுங்கியவன். அதில் கிச்சிஜிரோ என்று ஒருவன் வருகிறான். காட்டிக்கொடுப்பான், அழுதுகொண்டு பாவமன்னிப்புக் கேட்டு வருவான், மறுபடி விழுவான், மறுபடி வருவான். "அண்ணே, இவன் என்னை மாதிரியே இருக்கிறான்" என்று அந்தத் தம்பி இரவு பதினோரு மணிக்குப் போன் பண்ணினான். அரைமணி நேரம் பேசினோம், முழுக்க கிச்சிஜிரோவைப் பற்றியே.

உன் சபையில் பிள்ளைகள் இருந்தால் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் ஏழையும் வாங்கு. அதில் வரும் சிங்கம் யார் என்று மட்டும் விளக்கிவிடாதே, அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஊழியத்தில் களைத்துப்போன போதகருக்கு மரிலின் ராபின்சனின் 'கிலியட்'. சாகப்போகும் வயதான போதகர் தன் சின்ன மகனுக்கு எழுதி வைக்கும் நீண்ட கடிதம் அது. காதல் கதை கேட்கும் பெண்களைக் குறைவாக நினைக்காதே. வேதத்தில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் கதையை வைத்து பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்' அவர்களுக்கு இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் மனந்திரும்பி, வியாதியும் குணமாகி, கடனும் தீரும் கதைகளை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அப்படி நடக்காத வீட்டில் அதை வாசிப்பவர், நம் விசுவாசத்தில்தான் குறையோ என்று தனியாக அழுவார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு புத்தகம் வருகிறது. பேர் லாகர்க்விஸ்ட் 1950-இல் எழுதிய 'பரபாஸ்'. எழுத்தாளர் க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) அதை 'அன்பு வழி' என்று தமிழில் தந்திருக்கிறார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான அந்தக் கள்ளன் சிலுவையைத் தூரத்தில் நின்று பார்க்கிறான். அதன்பின் வாழ்நாள் முழுக்க விசுவாசிக்க ஆசைப்படுகிறான், முடியவில்லை. அடிமைகள் கழுத்தில் அணியும் தகட்டில் கிறிஸ்துவின் பெயரைப் பொறித்துக்கொண்டவன், அதிபதி கேட்கும்போது எனக்கு விசுவாசம் இல்லை என்கிறான். பின்னே பெயர் எதற்கு என்றால், விசுவாசிக்க விரும்புவதால் என்கிறான்.

கடைசிப் பக்கத்தில், இருட்டில், தன் ஆத்துமாவை ஒப்புக்கொடுப்பதாகச் சொல்கிறான். இருட்டிடம் சொன்னானா, அவரிடம் சொன்னானா? நான் நான்கு தடவை வாசித்துவிட்டேன். நீ வாசித்து முடித்ததும் உனக்கு எப்படித் தோன்றியது என்று எழுது. அந்தப் பெரியவரிடமும் கொடுத்து, அவர் என்ன சொல்கிறார் என்று சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்