டச்பே கடற்கரைப் பைப்பைத் திருப்பித் தாருங்கள்: பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். திருகோணமலை டச்பே கடற்கரையில் இருந்த தண்ணீர்ப் பைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் பைப் என்று நான் விளக்கத் தேவையில்லை. நடைபாதை வேலை தொடங்கியபோது அதைக் கழற்றச் சொன்னவர்களும் நீங்கள்தான், அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களைப் பெற்றுக்கொண்டவர்களும் நீங்கள்தான். அதில் இரண்டை எழுதிக் கொடுத்தவன் நான். கையெழுத்து வைத்தவர்கள் அந்தக் கடற்கரையில் சாப்பாடு விற்கிற வண்டில்காரர்கள். முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக வேலை செய்தவனுக்கு, பதில் வராத கடிதம் எந்த மேசை லாச்சியில் கிடக்கும் என்று தெரியும். அதனால்தான் இந்தமுறை எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். குறை நினைக்க வேண்டாம்.

போன சனிக்கிழமை நடந்தது உங்களுக்கு அறிக்கையாக வந்திருக்கும். நான் பார்த்ததையும் ஒருமுறை வாசியுங்கள்.

கனடாவில் இருந்து அக்காவின் மகள் வந்திருக்கிறாள், புருஷனோடு. இரண்டு பேரும் போனில் தேடி, ‘திருகோணமலைத் தெருச் சாப்பாட்டு நடை’ என்று ஒன்றைப் பதிந்துவிட்டார்கள். எனக்கும் சேர்த்து. தலைக்கு ஆறாயிரம் ரூபா. “மாமா, சும்மா வாங்கோ” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அறுபத்து மூன்று வருடமாக இந்த ஊர்த் தெருவில் ஓசியிலும் கடனிலும் தின்றவன், அதே தெருவில் ஆறாயிரம் ரூபாவுக்குத் தின்னப் போனேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், நடை நன்றாக இருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நாலரைக்குத் தொடங்கினோம். எங்களோடு குருநாகலில் இருந்து ஒரு குடும்பம், நெதர்லாந்துக்காரர் இரண்டு பேர். வழிகாட்டித் தம்பி கழுத்தில் அனுமதி அட்டை தொங்க, மூன்று மொழியிலும் பேசினான். தேத்தண்ணிக் கடையில் ரோல்சும் இஞ்சிப் பிளேன்டீயும். இன்னொரு கடையில் பால் அப்பம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் தேங்காய்ப்பால் இறுகாமல். பிறகு கிண்ணியாத் தயிர், சட்டியோடு. 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவில் இருந்து வருகிற சனமும் சாமானும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் துறை கடந்தது என்று தம்பி சொன்னபோது, “அந்தப் பாதையில் நான் கால் கடுக்க நின்றிருக்கிறேன்” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியும் விட்டேன். அதன் பிறகு நெதர்லாந்து அம்மா தம்பியை விட்டுவிட்டு என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

கோட்டை வாசலில் வரலாறு. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தது. ஒல்லாந்தர் என்று வந்ததும் அந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். வாசலில் இருக்கிற கல்வெட்டையும் காட்டினான். முன்னே குளக்கோட்டன் மன்னன் கட்டிய கோயிலைப் பின்னே பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று முன்கூட்டியே சொல்கிற கல்வெட்டு. அதற்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று வரிசையாக ஆள் வருவதைப் பெரியவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். பைப் பிடுங்க ஒருவர் வருவார் என்று அதில் எதுவும் இல்லை.

ஆறு மணிக்கு டச்பேக்கு வந்தோம், இறால் வடைக்கு.

அந்த வண்டிலை உங்களுக்குத் தெரியும். உங்கள் சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தின் முன்பக்கத்தில் இருப்பது அதுதான். பச்சைப் பெயின்ற், கண்ணாடிப் பெட்டி, உள்ளே அடுக்கி வைத்த வடை, ஒவ்வொரு வடையின் முதுகிலும் தலை கழற்றாத இறால். கடைக்காரியை ஊரில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு மகள் வயது இருக்கும். வழிகாட்டித் தம்பி படம் எடுக்க ஆட்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டிருந்தபோது நான் வண்டிலின் பின்பக்கம் போய் நின்றேன்.

பின்பக்கத்தில் இருந்ததைச் சொல்கிறேன், துண்டுப்பிரசுரத்தில் அது வராது. 20 லீற்றர்க் கலன் இரண்டு. வண்டில் கைப்பிடியில் ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தல் ஒன்று தலைகீழாகக் கட்டித் தொங்குகிறது. மூடியில் ஆணியால் நாலு ஓட்டை. இடது முழங்கையால் போத்தலை அழுத்தினால் நூல் மாதிரி நாலு தாரை வரும். அந்த நூலுக்குள் வலது கையை நீட்டி, சவர்க்காரத் துண்டைத் தேய்த்து, மறுபடி அழுத்திக் கழுவுகிறாள். பத்து வடைக்கு ஒருதரம், காசு வாங்கினால் ஒருதரம். கழுவின தண்ணீரும் வீணில்லை. கீழே வாளி வைத்துப் பிடித்து, மண் பறக்காமல் இருக்க வண்டிலைச் சுற்றித் தெளிக்கிறாள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தெளிப்பின் அருமை தெரியும்.

அந்த இரண்டு கலனும் ஓட்டோவில் வருகின்றன. போக்குவரத்துக்கு நானூறு ரூபா. ஒரு வடை நூற்றிருபது. ஒவ்வொரு நாளும் முதல் மூன்று வடை தண்ணீருக்கு, நாலாவதிலும் ஒரு கடி தண்ணீருக்கு. நாற்பது லீற்றரில் வெங்காயம் கழுவ வேண்டும், பிளேன்டீக்கு வேண்டும், கைக்கு வேண்டும், கரண்டிக்கு வேண்டும். பீங்கான் கழுவ மிஞ்சாது. பீங்கான் இல்லாதபடியால் கொப்பித் தாள், அதற்கு மேல் லஞ்ச் சீற். பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017இல் தடை செய்தார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். அந்தச் சீற் காற்றில் பறந்து கோட்டைப் பக்கம் போகிறது. எண்ணெய் மணத்துக்கு அங்கே திரிகிற மான் அதைத் தின்கிறது. மான் செத்தால் பத்திரிகையில் படம் வருகிறது. உடனே நீங்கள் ஒரு கூட்டம் வைக்கிறீர்கள், வண்டில்களை என்ன செய்யலாம் என்று.

அந்தக் கூட்டத்தில் யாராவது பைப்பைப் பற்றிப் பேசினார்களா?

பைப் இருந்த காலத்தில் அவள் பீங்கானில்தான் வடை கொடுத்தாள். நீல ஓரம் போட்ட பீங்கான். எட்டோ பத்தோ இருந்தது. நானே அதில் தின்றிருக்கிறேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். என் மருமகள் வடையைக் கையில் வாங்கி ஒரு கடி கடித்திருப்பாள். வாகனம் வந்து நின்றது. உணவு சோதிக்க மூன்று பேர் இறங்கினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், எண்ணெயைப் பார்த்தார்கள். இரண்டும் சரி. பிறகு பின்பக்கம் வந்து அந்தச் சோடாப் போத்தலை ஒருவர் விரலால் தட்டிப் பார்த்தார். தாளில் எழுதியதை நான் தோளுக்கு மேலால் வாசித்தேன், பழைய தொழில் பழக்கம்: ‘கை கழுவும் வசதி இல்லை.’ பதினாலு நாள் வியாபாரம் செய்யக்கூடாது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை நிறுத்தினாள். பெட்டியில் இருந்த வடையை எண்ணிப் பார்த்தாள். பிறகு சவர்க்காரத்தைப் போட்டுக் கையைக் கழுவினாள், அதே போத்தலில், அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க.

நெதர்லாந்து அம்மா தம்பியிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். “இன்றைக்கு வடை முடிந்துவிட்டது” என்றான் தம்பி. பெட்டி நிறைய வடை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. ஊரின் மானத்தைக் காப்பாற்ற, அனுமதி அட்டை போட்ட பிள்ளை ஒருவன் பொய் சொல்ல வேண்டி வந்தது. அந்த அம்மாவும் நம்பினமாதிரித் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

சோதிக்க வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது, அவர்கள் கடமையைச் செய்தார்கள். இன்னொரு இடத்தில் சுண்டல் தின்று மூன்று நாள் படுத்து எழும்பியவன் நான். கழுவாத கைக்கு வக்காலத்து வாங்க வரமாட்டேன். ஆனால் கை கழுவ வசதி இல்லை என்று எழுதிய அந்தத் தாளில், வசதி எங்கே போனது என்று எழுத ஓர் இடம் இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறீர்கள் என்று எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால் நீங்கள் தொட்டிலைப் படம் எடுத்துத் துண்டுப்பிரசுரத்தில் போடுகிறீர்கள், அவ்வளவுதான்.

காசு இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். பைப் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது அலங்கார விளக்குக் கம்பம் நிற்கிறது, அதுவும் எரிவதில்லை. பத்தடி தள்ளி ஓர் அறிவிப்புப் பலகை, மூன்று மொழியில். தமிழில் ‘குப்பை போடதீர்’ என்று இருக்கிறது. துணைக்கால் ஒன்று காணாமல் போய் எத்தனை மாதம்! சிங்களத்தில் பிழை இருக்கிறதா என்று குருநாகல் ஐயாவிடம் கேட்டேன், இல்லையாம். ஆங்கிலத்திலும் இல்லை. தமிழர் இவ்வளவு பேர் வாழ்கிற ஊரில் ஒரு ‘ா’வுக்கு இத்தனை தட்டுப்பாடு. வாசலில் ஒரு பொதுக் கழிப்பறை இருக்கிறது, கடற்கரைக்குச் சனம் வரத் தொடங்குகிற ஆறு மணிக்குச் சரியாகப் பூட்டுகிறார்கள். அக்கா பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஒரு வாய் பிளேன்டீ குடிப்பதில்லை, வீட்டுக்குப் போகப் பத்து மணியாகும். நாங்கள் குடித்ததெல்லாம் அவள் ஊற்றித் தந்தது. பைப்பைக் கழற்றுவதற்கும் கழிப்பறையைப் பூட்டுவதற்கும் ஆள் இருக்கிறது, திறக்கத்தான்...

மன்னிக்க வேண்டும். எழுத எழுத எங்கேயோ போகிறது. கழிப்பறைக்கும் துணைக்காலுக்கும் தனித்தனிக் கடிதம் எழுதுகிறேன், லாச்சியில் இடம் இருந்தால்.

இன்றைக்குக் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பைப்பைத் திரும்பப் பூட்டித் தாருங்கள். வண்டில்காரர்கள் ஓசியில் கேட்கவில்லை. மீற்றர் வைத்தால் மாதக் கட்டணத்தை ஏழு வண்டிலும் பங்கு போட்டுக் கட்டும் என்று இரண்டாவது கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன், மூன்றாவது பந்தியில் பாருங்கள். கழுவின தண்ணீர் கடற்கரையில் தேங்கும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். நியாயமான கேள்விதான். பக்கத்தில் வடிகான் இருக்கிறது. ஆறடிக் குழாய் போட்டால் அதற்குள் போகும். தண்ணீர் வந்தால் பீங்கான் வரும். பீங்கான் வந்தால் லஞ்ச் சீற் தேவையில்லை. பிறகும் ஒருத்தி கை கழுவாவிட்டால் பதினாலு நாள் என்ன, இருபத்தெட்டு நாள் மூடுங்கள். சாட்சிக் கையெழுத்து நான் வைக்கிறேன்.

பைப்பைப் பூட்டும் வரைக்கும் அந்தப் பதினாலு நாள் தடையை நிறுத்தி வைக்கும்படியும் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குப் பெட்டியில் இருந்த வடை நாற்பத்தொன்று. வழிகாட்டித் தம்பி பத்தை வாங்கினான், தன் காசில். மிச்சத்தை அவள் பிள்ளைகளுக்கும் அயலுக்கும் கொடுத்திருப்பாள். எண்ணெய்க்கும் இறாலுக்கும் கொடுக்க வேண்டிய கடன் நாளைக்கும் நாளன்றைக்கும் வாசலுக்கு வரும்.

ஞாயிறு காலையில் நடக்கப் போனபோது அந்த விளக்குக் கம்பத்தடியில் குனிந்து பார்த்தேன். பழைய குழாய் மண்ணுக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வாயில் ஒரு மூடி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்த மூடியை வெட்டி ஒரு நல்லி பூட்டினால் வேலை முடிந்தது. நல்லியை நானே வாங்கித் தருகிறேன், பித்தளையில். தண்ணீர் வருமா என்று சந்தேகப்பட வேண்டாம். மூடியின் ஓரத்தால் கசிந்து மண் நனைந்து கிடந்தது. மான் ஒன்று அதை நக்கிக்கொண்டு நின்றது.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
திருகோணமலை.