ஆச்சியின் படம் வந்து சேர்ந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ திருத்தி அச்சடித்து அனுப்பிய ஆச்சியின் படம் வெள்ளிக்கிழமை கூரியரில் வந்தது. சுருட்டிக் குழாயில் போடாமல், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே மெல்லிய தாள் வைத்து, ஒட்டுநாடா படத்தின் மேல் எங்கும் படாதபடி நீ கட்டியிருந்த விதத்தைப் பார்த்ததுமே, "வேலையைத் தெரிந்துகொண்டுவிட்டாள்" என்று அப்பா சொல்லிவிட்டார். நம் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினார். சாயங்காலம் பெரியத்தை வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மைக்கு இந்தப் பார்வைதான்" என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதற்குச் சட்டம் அளவெடுத்தாகிவிட்டது.

ஆனாலும் படம் இருட்டாக வந்திருக்கிறது. மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. உனக்கும் எனக்கும் தெரிய வேண்டும். ஜன்னல் பக்கத்துக் காதில், காது வளர்த்துப் போடுகிற அந்தப் பொன் பாம்படத்தின் ஒவ்வொரு உருப்படியும் தனித்தனியாக மின்னுகிறது. மறுபக்கத்துப் பாம்படமோ கழுத்து நிழலில் பாதி கரைந்து, பொன் என்று சொல்ல முடியாத பழுப்பாகக் கிடக்கிறது. அரக்குச் சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள் தோளுக்குக் கீழே மங்கி மங்கி மறைந்தேபோய்விட்டன. நீ அனுப்பிய டிஃப் ஃபைலைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அதில் புள்ளிகள் எல்லாமே இருக்கின்றன. கர்சரை நிழலில் வைத்துப் பார்த்தால் 12, 15 என்று எண்கள் வருகின்றன. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில் அந்த எண்களைத் திரை காட்டிவிடும், நீ தேர்ந்தெடுத்த பளபளப்பில்லாத மேட் தாள் காட்டாது. பளபளக்கும் கிளாஸி தாளில் விழும் ஆழமான கறுப்பு மேட் தாளில் விழுவதில்லை என்பதால், கீழே உள்ள சாயல்கள் எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன.

குற்றம் உன் கையிலோ பிரிண்டரிலோ இல்லை, உன் திரையின் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்து வேலை செய்கிறாய் என்று நினைக்கிறேன். திரை தன் வெளிச்சத்தைத் தானே வீசுகிறது. தாளோ தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. திரை கூசுகிற அளவுக்கு எரியும்போது படம் தேவைக்கு மேல் வெளுத்திருப்பதாக எண்ணி நீயே படத்தின் வெளிச்சத்தை இறக்கிவிடுகிறாய். அதைத்தான் பிரிண்டர் அப்படியே நம்பி அச்சடிக்கிறது. அச்சுக்கு வேலை செய்கிறவர்கள் திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைத்துக்கொள்வார்கள். வெள்ளையின் சாயலுக்கு 6500 கெல்வின், நடுச் சாயல்களுக்குக் காமா 2.2, வெளிச்சம் 100 என்று வைத்துத் தொடங்கு. ஸ்பைடர், காலிபிரைட் போன்ற கருவி ஒன்றைத் திரை மேல் தொங்கவிட்டு அளந்து கொள்வதே முறை. கருவி வரும்வரை, அச்சடிக்கிற தாளிலேயே ஒரு வெற்றுத் தாளை நல்ல வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெள்ளையாகத் தோன்றும்வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வா. முதல் இரண்டு நாள் திரை மங்கலாக இருப்பதாகத் தோன்றும். பொறுத்துக்கொள், கண் பழகிவிடும்.

இன்னொன்றும் பார்த்தேன். நிறப் புரொஃபைல் எது என்று பார்ப்பதற்காக ஃபோட்டோஷாப்பில் ஃபைல் இன்ஃபோவைத் திறந்தபோது, கடைசியாகச் சேமித்த நேரம் பின்னிரவு 3:12 என்று இருந்தது. அதற்கு முந்தைய ஃபைலில் 2:40. தம்பியின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய படங்களிலும் பார்த்தேன். எல்லாமே அந்த நேரம்தான். நடுராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் எரியவிட்டு நிறம் பார்க்கக் கூடாது, பாப்பா. கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் தாளில் வராத நிழல் விவரமெல்லாம் திரையில் தெரியும். களைத்த கண்ணுக்கு மஞ்சள் எது சிவப்பு எது என்ற தராதரமும் தப்பிப்போகும். பகலில் வேலை செய். ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழாதபடி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொள். சுவர் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கட்டும். பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து தோல் நிறத்தைத் திருத்தினால் முகத்தின் நிறம் தவறித்தான் போகும். பகலில் ஆபீஸ் இருந்ததால் இரவில் செய்தாய் என்றால் எனக்குப் புரிந்திருக்கும்.

தாத்தா இருட்டறையில் என்னை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் டெஸ்ட் ஸ்ட்ரிப்தான். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து பேப்பரை விரலகலத் துண்டுகளாக வெட்டி, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜருக்கு அடியில் வைத்து, அட்டையால் மூடிக்கொண்டே ஐந்தைந்து விநாடியாக வெளிச்சம் காட்டுவோம். அந்தத் துண்டைக் கழுவி, வெளியே தூக்கிக்கொண்டு வந்து வாசல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் முழுத் தாளை எடுப்பார். சிவப்பு விளக்கில் பார்த்து எதையும் முடிவு செய்ய விடமாட்டார். நீ இப்போது நேராக 12க்கு 18 அங்குலத்தில் அடிக்கிறாய். அது இருட்டாக வந்ததும் இன்னொரு 12க்கு 18 அடிக்கிறாய். தாளும் மையும் என்ன விலை விற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆச்சியின் முகமும் நிழல் பக்கத்துக் காதும் வருகிற ஒரு துண்டை மட்டும் வெட்டி 4க்கு 6 அளவில் அடித்துப் பார். அதே துண்டின் வெளிச்சத்தை ஃபோட்டோஷாப்பின் கர்வ்ஸ் வளைவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரே தாளில் வரிசையாக அடுக்கி அடித்து, ஒவ்வொன்றின் கீழேயும் என்ன மாற்றினாய் என்று பென்சிலால் எழுதிவை. ஒரு நாள் காய விட்டு, மறுநாள் பகலில் பார். மை காயக் காய நிறம் சற்று அமரும். அந்தக் குறிப்புத் தாள்களைத் தூக்கி எறியாதே. அதே வகைத் தாளில் அடுத்த படத்தை அடிக்கும்போது அவை உதவும்.

சாஃப்ட் புரூஃப், அதாவது தாளில் எப்படி வரும் என்பதை அச்சடிக்கும் முன்பே திரையில் பார்ப்பது, போட்டுப் பார்த்தாயா என்று எழுதவில்லை. 1993-இல் பல கம்பெனிகள் சேர்ந்து ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கி, திரையும் ஸ்கேனரும் பிரிண்டரும் நிறத்தை ஒரே கணக்கில் சொல்லிக்கொள்ள வழி செய்தார்கள். அந்தக் கணக்கை உன் பிரிண்டருக்கும் இந்தத் தாளுக்கும் என்று எழுதியிருக்கிற புரொஃபைலைத் தாள் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி, ஃபோட்டோஷாப்பில் புரூஃப் செட்டப்பில் வைத்து, தாள் வெள்ளையைக் காட்டும்படி தேர்வு செய்தால் படம் சட்டென்று வெளிறிப்போகும். எல்லோரும் அங்கேதான் பயந்து அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே மூலப் படத்தைத் தொடாமல் மேலே போடும் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் நிழலைத் தூக்க வேண்டும். பாம்படத்தின் மஞ்சள் அந்தத் தாளில் அடங்குமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அச்சடிக்கும்போது நிறத்தை ஃபோட்டோஷாப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடு. இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகம் ஊதாச் சிவப்பாகப் போகும். எத்தனை பேர் அதற்குப் பிரிண்டரைக் குறை சொல்லிக்கொண்டு நம் கடைக்கு வந்திருக்கிறார்கள்!

ஆச்சியின் தோலை நீ வெளுக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோடாக் கம்பெனி நிறம் சரிபார்ப்பதற்காக லேப்களுக்குக் கொடுத்த மாதிரிப் படங்களில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்கள்தான் இருந்தார்கள். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். பல நிறத்தாரும் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது. அந்த அட்டை எங்கோ இருந்தாலும், "கொஞ்சம் கலர் தூக்கிவிடுங்க" என்று கேட்காமல் நம் கடையில் யாரும் கல்யாணப் படம் வாங்கியதில்லை. நீ ஆச்சியை ஆச்சியாகவே விட்டிருக்கிறாய். நெற்றிச் சுருக்கத்தையும் தேய்க்கவில்லை. நெகட்டிவின் மேல் பென்சில் பிடித்து ரீடச் செய்த காலத்தில் தாத்தா, கண்ணுக்குக் கீழ் உள்ள பள்ளத்தைப் பாதிதான் நிரப்ப வேண்டும், முழுக்க நிரப்பினால் ஆள் மாறிவிடும் என்பார். நீ யாரும் சொல்லாமலே அந்த அளவில் நிறுத்தியிருக்கிறாய். கறுத்த தோலை இருட்டாக்காமல் அச்சடிப்பதுதான் நம் ஊர் முகங்களில் கடினமான வேலை. கன்னத்து மேட்டில் வெளிச்சம் நிற்க வேண்டும், அதற்குப் பக்கத்து நிழலில் சிவப்பு உயிரோடு இருக்க வேண்டும். சிவப்பு செத்துவிட்டால் சாம்பல் பூத்து, நோயாளி முகம்போல் ஆகிவிடும். ஆச்சியின் இடது கன்னத்தில் அது கொஞ்சம் நேர்ந்திருக்கிறது. திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பார், உனக்கே தெரியும்.

தாள் விஷயத்தில் அவசரப்படாதே. பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற தாள்களில் வெளிர்ப்பு ரசாயனம் சேர்த்திருப்பார்கள். வருடம் போகப் போக அந்த வெள்ளை மங்கி மஞ்சளாகும். வீட்டுச் சுவரில் தலைமுறைக்கும் இருக்க வேண்டிய படத்துக்குச் சற்று பழுப்பு வெள்ளையான பருத்தித் தாளும், எளிதில் மங்காத பிக்மென்ட் மையுமே ஏற்றவை. பிரிண்டரைச் சும்மா நிறுத்திவைக்காதே. வாரம் ஒரு முறையாவது எல்லா நிறமும் வரும்படி ஒரு சிறிய படம் அடி, இல்லையென்றால் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யப் போகிற மையில் நாலு படம் அடித்துவிடலாம்.

சித்திரை வரை கம்பெனி லேப்டாப்பில்தான் செய்துகொண்டிருந்தாய். இப்போது சொந்த லேப்டாப் என்று எழுதியிருக்கிறாய். அப்பா எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நானும் கேட்கவில்லை. உன் சித்தி மகன் சென்னையிலிருந்து வந்தபோது ஏதோ சொல்லத் தொடங்கினான், நான் காபி போட உள்ளே போய்விட்டேன். எதுவானாலும் உன் வாயிலிருந்து வரட்டும். தாத்தா ரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கித்தான் ஸ்டூடியோ வைத்தார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். தனி அறையில், ஜன்னலை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிடாமல், மூன்று மணிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்கிறாய். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? பகலில் வேலை செய். இரவில் தூங்கு. இந்த வேலைக்குக் கண்தான் மூலதனம்.

காலிபிரேஷன் கருவிக்கு அப்பா உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறார். திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் மனம் நோகும். அது கடைக்கு வாங்குவதாகவே வைத்துக்கொள், நம் மானிட்டரையும் அளந்து பல காலம் ஆகிறது. நான் கண்ணால் பார்த்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

தை மாதத்துக்குக் கல்யாண ஆல்பம் வேலைகள் வரிசையாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. எல்லாம் 12க்கு 36 தாள்கள். அச்சடிக்கிற லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறக் கணக்கில் அனுப்பியும் போன தடவை மணப்பெண்ணின் அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் திரும்பி வந்தது; அவர்கள் நம் ஃபைல் மேல் குற்றம் சொல்கிறார்கள், அப்பா லேப் மேல் சொல்கிறார். நீ வந்து உட்கார்ந்து பார்த்தால் எங்கே தவறுகிறது என்பது தெரியும். எனக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்த்தால் கண்ணில் நீர் வருகிறது, தம்பிக்கு இதில் பொறுமை கிடையாது. ஆச்சி படத்தின் ஃபைலையும் கையோடு கொண்டு வா. நம் மாடி அறையில் வடக்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது, அங்கே வைத்து இரண்டு பேருமாகத் திரும்ப அடிப்போம். சட்டம் போடுகிறவரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட அப்பா தேதி கேட்கிறார். எந்தத் தேதி என்று மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அம்மா