வியட்நாம் புத்தாண்டு காலையில் எங்களை ஒரு வீட்டுக்குள் நுழைய வைத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஜனவரி 26 வியட்நாம் குழுவில் வந்த நால்வர் சார்பில்,
கும்பகோணம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
சென்னை.

நாள்: 12.02.2025

பொருள்: உள்ளூர் வழக்கம் எதையும் விசாரிக்காமல் பயணத் திட்டம் போட்டது, வழிகாட்டியின் எச்சரிக்கையைத் தள்ளியது, அவருக்குச் சேர வேண்டிய டிப்ஸை நிறுத்தியது குறித்து.

ஐயா,

வணக்கம். ஜனவரி 26 முதல் பிப்ரவரி 2 வரை தங்கள் நிறுவனம் நடத்திய வியட்நாம் சுற்றுலாவில் நான், என் கணவர், 13 வயது மகன், 68 வயதான என் அம்மா ஆகிய நால்வரும் வந்திருந்தோம். தலைக்கு 92,000 ரூபாய். முழுப் பணத்தையும் நவம்பரிலேயே கட்டிவிட்டோம். விமானம், ஹோட்டல், பேருந்து எதிலும் குறை இல்லை. நாங்கள் விருந்தாளியாகப் போன நாட்டில், எங்களுக்கே தெரியாமல் ஒரு குடும்பத்தின் மனம் நோகும்படி எங்களை நடக்க வைத்தீர்கள் என்பதுதான் என் புகார். ஊர் திரும்பி பத்து நாளாகியும் எனக்கு அது ஆறவில்லை.

இதைவிடக் குறைந்த விலையில் இரண்டு பேக்கேஜ் எங்களுக்குக் கிடைத்தது. அவற்றை விட்டு உங்களிடம் வந்ததற்குக் காரணம், ‘வியட்நாம் மக்களின் வாழ்க்கையோடும் பண்பாட்டோடும் கலந்து பார்க்கும் குடும்பச் சுற்றுலா’ என்று உங்கள் கையேட்டில் அச்சடித்திருந்ததுதான். ஆனால் அந்தப் பண்பாட்டைப் பற்றி அதே கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. எத்தனை கிலோ பெட்டி, எந்த பிளக், ஒரு ரூபாய்க்கு எத்தனை டாங் என்பதெல்லாம் இருந்தது. எங்கே எப்படி உடுத்த வேண்டும், ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று எதுவும் இல்லை.

வியட்நாமியரின் புத்தாண்டான டெட் சந்திர நாள்காட்டிப்படி வருவது. இந்த ஆண்டு ஜனவரி 29, புதன்கிழமை. நேற்று முளைத்த தேதி அல்ல இது, காலண்டரைப் பார்த்தாலே தெரியும். பொங்கலுக்குச் சென்னை காலியாவதுபோல அந்த வாரம் தலைநகர் ஹனோய் காலியாகிறது. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். கடைகள் கதவைச் சாத்திவிடுகின்றன. சரியாக அந்த வாரத்துக்குப் பயணம் போட்ட உங்கள் அலுவலகம், டெட் என்ற சொல்லையே எங்களிடம் சொல்லவில்லை. விமான டிக்கெட் விலையைப் பார்த்தவர்கள் அன்று என்ன நாள் என்று பார்க்கவில்லை.

27ஆம் தேதி திங்கட்கிழமை காலை, வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் உடல் வைக்கப்பட்டுள்ள நினைவு மண்டபம் என்று போட்டிருந்தீர்கள். திங்களும் வெள்ளியும் அது மூடியிருக்கும். 1945 செப்டம்பர் 2 அன்று சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட பா தின் சதுக்கத்தில் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். திறந்திருந்தாலும் எங்கள் குழுவில் ஐந்தாறு பேரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அரைக்கால் சட்டைக்கும் கையில்லாத மேல்சட்டைக்கும் அங்கே அனுமதி இல்லை என்று வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அன்று பிற்பகல் இலக்கியக் கோயில். 1070இல் சீன ஞானி கன்ஃபூசியஸுக்காகக் கட்டியது. பழைய அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்களைப் பொறித்த 82 கல்வெட்டுகள் கல் ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. ஆமைத் தலையைத் தொட்டால் பரீட்சையில் பாஸ் என்று உங்கள் டூர் மேனேஜர் பிள்ளைகளை ஏவிவிட்டார். அது பழைய பழக்கம். தொட்டுத் தொட்டுக் கல் தேய்ந்ததால் இப்போது தடுப்பு வைத்திருக்கிறார்கள். என் மகன் தடுப்புக்கு மேல் எட்டிக் கையை நீட்ட, காவலர் ஓடி வந்து தடுத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நான், என் பிள்ளைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இவையெல்லாம் சின்ன விஷயம். இந்தக் கடிதத்தை நான் எழுதுவது 29ஆம் தேதிக்காக.

அன்று காலை ஆறு மணிக்கே கிளம்பச் சொன்னீர்கள். நின் பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டைப் பார்த்து, அங்கேயே காலைச் சிற்றுண்டி என்று திட்டம். உங்கள் நிறுவனப் பெயர் போட்ட வெள்ளை டீ-ஷர்ட்டையும் வெள்ளைத் தொப்பியையும் 18 பேரும் கட்டாயம் போட வேண்டும், குழுப் படம் எடுக்க வேண்டும் என்றார் மேனேஜர். பேருந்தில் ஏறியதும் எங்களைப் பார்த்த வழிகாட்டித் தம்பியின் முகம் மாறியது. மேனேஜரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். “ஒன்றும் ஆகாது, விடுப்பா” என்று மேனேஜர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

வியட்நாமில் சாவு வீட்டில் பிள்ளைகள் தலையில் கட்டிக்கொள்வது வெள்ளைத் துணி. வெள்ளை அங்கே துக்கத்தின் நிறம். புத்தாண்டு காலையில், சிவப்புக் காகிதமும் பீச் பூக் கிளையும் வைத்து அலங்கரித்த ஒரு வாசலில், தலைமுதல் வெள்ளை போட்ட 18 அந்நியர்கள் போய் நின்றோம்.

வாசலில் வழிகாட்டி இரண்டு கையையும் விரித்து எங்களை நிறுத்தி, கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். வீட்டுப் பாட்டி நிலைப்படியில் நின்றிருந்தார். ஆவ் சாய் என்கிற அவர்களது நீள அங்கி சிவப்பில், வாரி முடிந்த நரைத்த கொண்டை. சிரித்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் கண் எங்களைத் தாண்டித் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. “டைம் ஆச்சு, வாங்க வாங்க” என்று உங்கள் மேனேஜர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நாங்களும் போனோம்.

அந்தப் பத்து நிமிடம் எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. புத்தாண்டில் வீட்டுப்படியை முதலில் மிதிப்பவர் யாரோ, அவரைப் பொறுத்தே அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டின் நல்லது கெட்டது அமையும் என்பது அவர்கள் நம்பிக்கை. சோங் தாத் என்கிறார்கள். அதனால் பிறந்த வருஷம் பொருத்தம் பார்த்து, நல்லபடி வாழ்கிற ஒருவரை முன்கூட்டியே சொல்லி வரவழைக்கிறார்கள். அந்தப் பாட்டி தன் தம்பி மகனை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போனது எட்டேகாலுக்கு. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது யார் எதிரே வருகிறார்கள் என்று பார்க்கிற நமக்கு இது புரியாதா? சொல்லியிருந்தால் பேருந்திலேயே உட்கார்ந்திருப்போமே.

உள்ளே நடுக்கூடத்தில் முன்னோர் பீடம். ஐந்து வகைப் பழம் அடுக்கிய தட்டு, இலையில் சதுரமாகக் கட்டிய அரிசிப் பலகாரம், புகைந்துகொண்டிருந்த ஊதுவத்திகள், நடுவில் ஒரு பெரியவரின் கறுப்பு வெள்ளைப் படம். பாட்டியின் கணவர் என்று ஊகித்தேன். அந்தப் பீடத்துக்கு முதுகைக் காட்டி எங்களை நிற்க வைத்துக் குழுப் படம் எடுத்தார் மேனேஜர். அந்தப் படம் இப்போது உங்கள் விளம்பரப் பக்கத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பூஜை அறையில் யாராவது இப்படி நின்றால் நாம் பொறுப்போமா?

சிற்றுண்டி ஆனதும் தரையில் வேர்க்கடலைத் தோலும் பிஸ்கட் தூளும் சிந்திக் கிடந்தன. என் அம்மாவுக்கு அதைப் பார்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து இரண்டு வீச்சுதான் பெருக்கியிருப்பார். சமையலறையிலிருந்து பாட்டி ஓடி வந்து அம்மாவின் கையைத் துடைப்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை, பதற்றம்தான். புத்தாண்டு நாளில் பெருக்கினால் வீட்டுக்கு வந்த லட்சுமியையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடுவதாக அர்த்தம். அங்கே லட்சுமி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விளக்கு வைத்தபின் நாம் பெருக்குகிறோமா? அம்மா துடைப்பத்தை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளைபோல் சுவரோரம் போய் நின்றார்.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பாட்டி புது நோட்டு வைத்த சிவப்பு உறை ஒன்றை என் மகனுக்கு இரண்டு கையாலும் நீட்டினார். லீ சீ என்று பெயர். புத்தாண்டில் பெரியவர்கள் சிறுவர்களுக்குக் கொடுக்கும் வாழ்த்துப் பணம். இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, ஒரு கையால் வாங்கினான். அந்த வீட்டிலும் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு சிவப்பு உறை இல்லை. ஹனோய்ச் சந்தையில் முந்தின நாள்வரை கட்டுக்கட்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் தா நாங் போய்ச் சேர்ந்து, ஹோய் ஆன் போகும் வழியில் வழிகாட்டி டெட் வழக்கங்களைப் பற்றிப் பேசினார். துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் அந்த வருஷம் புத்தாண்டுக்கு அடுத்தவர் வீட்டுப்படி ஏறுவதில்லை என்றார். தங்கள் துக்கம் அவர்கள் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற அக்கறை. அவர் என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டார். நானும் யோசிக்காமல் அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன்.

ஐயா, என் அப்பா சென்ற ஜூன் மாதம் காலமானார். தலைத்திவசம் இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் இந்த ஆண்டு தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. சொந்தத் தங்கை பேத்தியின் காதுகுத்துக்குக்கூட அம்மா போகவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே, நாலு இடம் பார்த்தால் மனம் தேறும் என்றுதான் வற்புறுத்தி அழைத்து வந்தோம். இங்கே ஒரு விசேஷ வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவரை, அங்கே புத்தாண்டு காலையில், முதல் ஆளாக வருபவர் யாரென்று பார்க்கிற ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டீர்கள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. “அந்த அம்மா வீட்டுக்கு ஏதும் வரக் கூடாதுடி” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு என்ன ரசீது போட்டு உங்களிடம் பணம் கேட்பேன்?

புத்தாண்டு வீட்டு வருகை வேண்டாம், நான்காம் நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தான் இரண்டு முறை உங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியதாகவும், பணம் கட்டியாகிவிட்டது, மாற்ற முடியாது என்று பதில் வந்ததாகவும் வழிகாட்டி என்னிடம் சொன்னார். அந்த மின்னஞ்சல்களை எடுத்துப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தென்னிந்திய சைவ உணவு உறுதி என்றீர்கள். நீங்கள் நம்பியிருந்த இந்திய உணவகம் டெட்டுக்கு மூடியிருந்தது. நான்கு வேளை கப் நூடுல்ஸ். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மட்டும் உண்கிற பௌத்தர்கள் அந்த நாட்டில் நிறைய. சாய் என்று பலகை போட்ட கடை என்றால் மீன் சாறுகூடச் சேராத சைவம். வழிகாட்டி தன் நேரத்தில் எங்களை ஒரு பௌத்தக் கோயில் அருகே அப்படிப்பட்ட கடைக்கு அழைத்துப்போனார். அம்மா அந்தப் பயணத்தில் வயிறாரச் சாப்பிட்டது அங்கே மட்டும்தான்.

மீ சோனுக்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். அந்தப் பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட சாம் இன அரசர்கள் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள்; 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும்பகுதி சிதைந்தது. நம் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது 2020இல் 9ஆம் நூற்றாண்டின் ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது. அம்மா அங்கே பத்து நிமிடம் கண்மூடி உட்கார ஆசைப்பட்டார். ‘போட்டோ பாயிண்ட்’ என்று விரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஹோ சி மின் நகரில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் பென் தான் சந்தைக்கு நடந்துபோகும் தூரம். வியட்நாமியரே வந்து சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்ளும் கோயில் அது. திட்டத்தில் இல்லவே இல்லை. அம்மாவைப் பாட்டி என்ற அர்த்தத்தில் “பா” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த வழிகாட்டிதான் ஓய்வு நேரத்தில் எங்களை அங்கே கூட்டிப்போனார். அந்த வீட்டுக்காகவும் சேர்த்து அம்மா அங்கே அர்ச்சனைத் தட்டு வாங்கி வைத்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கடைசி நாளில் என்ன நடந்தது தெரியுமா? வாசலில் நிறுத்தி நேரத்தை வீணாக்கினார் என்று சொல்லி, குழுவிடம் முன்கூட்டியே வசூலித்து வைத்திருந்த டிப்ஸை அவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டார் உங்கள் மேனேஜர். எங்கள் பணம் அது. எங்களை யாரும் கேட்கவில்லை.

எனவே நான் கேட்பவை இவை. வழிகாட்டிக்குச் சேர வேண்டிய டிப்ஸ் முழுவதையும் உடனே அனுப்பி, அதற்கான சான்றை எனக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பாட்டியின் குடும்பத்துக்கு, உங்கள் உள்ளூர் ஏஜென்சி மூலமாக வியட்நாமிய மொழியிலேயே ஒரு மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். அதில் தவறு பயணிகளுடையது அல்ல, திட்டமிட்டவர்களுடையது என்று இருக்க வேண்டும். பீடத்துக்கு முன் எடுத்த படத்தை விளம்பரத்திலிருந்து நீக்க வேண்டும். நினைவு மண்டபம், நான்கு வேளை உணவு ஆகியவற்றுக்கான தொகையை எங்கள் நால்வருக்கும் திருப்பித் தர வேண்டும். இனிப் போகிற குழுக்களுக்குப் பயணத்துக்கு முன்பே தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். அந்த வெள்ளைத் தொப்பியை மட்டும் தயவுசெய்து வேறு நிறத்துக்கு மாற்றுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன். கட்டண ரசீது, உங்கள் கையேட்டின் நகல், 29ஆம் தேதிப் பயணத் திட்டத்தின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

பாட்டி கொடுத்த சிவப்பு உறையை என் மகன் இன்னும் பிரிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் பிரிப்பானாம். எனக்குப் பதில் எழுதும்போது அந்தத் தேதியையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பயணி,
கும்பகோணம்.