கூரையில் விழுந்த ஓட்டை

பாடி, சென்னை
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மூர்த்தி,

நாலு மாசமாக உன் வாய்ஸ் மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை என் மெக்கானிக் ஷெட் கூரையை ஒரு ஏர்பேக் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு வண்டி, ஹார்ன் அடிக்கவில்லை, மீட்டரில் ஏர்பேக் லைட்டும் அணையவில்லை. ரெண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் ஒயரான க்ளாக் ஸ்பிரிங் மேல்தானே. அதை வாங்க ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷெட்டில் வேலை பழகும் பையனிடம், "ஹார்ன் பேடைக் கழட்டி வைடா" என்றேன். ஏர்பேக்கும் அந்தப் பேடுக்குள்தானே இருக்கிறது. கழற்றி, பெஞ்சில் குப்புறப் போட்டிருக்கிறான். நான் வருவதற்குள் ஹார்னைச் சரிபார்த்து நல்ல பெயர் வாங்கலாம் என்று பழைய பாட்டரியிலிருந்து ரெண்டு ஒயர் இழுத்து, பின்னால் ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர் மாட்டும் பொந்தில் கொடுத்துவிட்டான்.

பை குப்புற விரிந்ததில் முழு ஹோல்டரும் ராக்கெட் மாதிரி மேலே போய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்தது. பையன் பக்கவாட்டில் நின்றதால் தலை தப்பியது. நான் வரும்போது முகமெல்லாம் வெள்ளைப் பொடியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்ன கேட்டாலும் "ஆங்? ஆங்?" என்கிறான். காது டாக்டர் ஜவ்வு கிழியவில்லை என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

அவனைத் திட்டவில்லை மூர்த்தி. மூடி மேலே பார்த்த மாதிரி வை, தூக்கும்போது மூடி உன் நெஞ்சைப் பார்க்கக் கூடாது, மஞ்சள் ஒயரில் டெஸ்ட் லேம்ப், மீட்டர் எதையும் வைக்காதே. இந்த மூன்றையும் நான் என்றைக்காவது அவனுக்குச் சொல்லியிருக்கிறேனா? அவன் அம்மா போனில் அழுதபோது பதில் வரவில்லை.

இப்போது ஷெட்டில் சட்டம்: சாவியை அணை, பாட்டரி நெகட்டிவைக் கழற்று, டீக்கடைக்குப் போ. மேனுவலில் ஒரு கம்பெனி 90 விநாடி, இன்னொன்று 3 நிமிஷம் என்கிறது. நமக்கு ஒரு டீ, ஒரு பஜ்ஜி. மோதலில் பாட்டரியே நசுங்கினாலும் பை விரிய வேண்டுமே என்று ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கெப்பாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கிறது. பாட்டரியைக் கழற்றியதும் அது செத்துவிடாது. நெகட்டிவைக் கழற்றிவிட்டு நீ டீக்கடைக்கு ஓடுவாயே, நம் பழைய ஓனரிடம் எத்தனை திட்டு வாங்கியிருப்பாய்! அவர் இருந்திருந்தால் உனக்கு மாலை போடச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு கூத்து. வெடித்த பைக்குப் பதிலாகப் புதுப்பேட்டையில் பழையது வாங்கிப் போட்டால் மிச்சமாகுமே என்கிறார் வண்டிக்காரர். அது மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் இருந்ததோ என்னவோ, யார் கண்டது? புதுசுதான் போடுவேன், காசு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு வீட்டில் ரெண்டு நாளாகப் பேச்சு இல்லை.

பையன் நாளைக்கு வேலைக்கு வருகிறான். வியாழக்கிழமை சீட் பெல்ட் பிரிடென்ஷனர், அதாவது மோதலில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சாமான், வேலை ஒன்று இருக்கிறது. அதற்குள்ளும் வெடிமருந்துதானே. உன் ஏஜென்சி மேனுவலில் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. இந்த முறை அவனை உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டப் போகிறேன், இடது காதுப் பக்கமாக. வலது இன்னும் கொஞ்சம் மந்தம்.

உன்
செல்வம்