40 மணி நேரத்தில் பெல்ட் போனதற்குப் பெயர் தேய்மானமா? ஏடிவி நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வாடகைத் தடம் நடத்தும் மூவர் (கூட்டாக),
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவை மற்றும் வாரண்டிப் பிரிவு.
(பொதுவில் பகிரும் பிரதி என்பதால் நிறுவனத்தின் பெயர் எடுக்கப்பட்டுள்ளது.)

பொருள்: எட்டு ஏடிவி வண்டிகளின் பழுதுகள், வாரண்டி மறுப்பு, உதிரிபாக மாற்றம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் டீலரிடம் வாங்கிய 110 சிசி வண்டிகள் மூன்று, 150 சிசி பெல்ட் வண்டிகள் மூன்று, 400 சிசி நாலு சக்கர இழுவை வண்டிகள் இரண்டு. எட்டும் வாரண்டிக் காலத்துக்குள் இருப்பவை. எந்தப் பழுதுக்குக் கேட்டாலும் ஜாப் கார்டில் (பழுது பார்த்த விவரச் சீட்டு) ஒரே வரிதான் எழுதித் தருகிறார்கள்: "தேய்மானப் பொருள், வாடகைப் பயன்பாடு, வாரண்டி பொருந்தாது." இதை நாங்கள் ஏற்கவில்லை. கழற்றிய பாகங்கள் அத்தனையும் வண்டி எண்ணும் ஹவர் மீட்டர் கணக்கும் (எஞ்சின் ஓடிய மணி நேரம்) ஒட்டிய பைகளில் பத்திரமாக இருக்கின்றன. எது எப்படிப் போனது என்பதை அந்தப் பாகங்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் எழுதுகிறோம். 110 சிசி வண்டியில் சிறுவர்கள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கில் கயிறு இருக்கிறது. ஓட்டுபவர் விழுந்தால் கயிறு கில் சுவிட்சின் மூடியைப் பிடுங்க வேண்டும், எஞ்சின் நிற்க வேண்டும். தங்கள் வண்டியில் எஞ்சினை நிறுத்துவது சிடிஐ-யிலிருந்து (பிளக்குக்குத் தீப்பொறி தரும் மின்பெட்டி) வரும் கில் வயர். அது எர்த்தைத் தொட்டால்தான் எஞ்சின் நிற்கும். மூடி கழன்றதும் உள்ளே இரண்டு தகடுகள் சேர்ந்து அந்த இணைப்பைக் கொடுக்க வேண்டும். அந்தத் தகடுகளுக்கு ரப்பர் மூடாக்கு எதுவும் கிடையாது. மலை மூட்டத்திலும் மழையிலும் நின்ற வண்டியில் தகடு துருப்பிடித்து, மூடியைப் பிடுங்கிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றில் ஒரு வண்டி இப்படி. மூடி கழன்ற நிலையில் கில் வயருக்கும் சேசிஸுக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். இங்கே முள் அசையவே இல்லை.

எர்த் கொடுத்தால்தான் நிற்கும் என்ற அமைப்பில் வயர் அறுந்தாலும், சாக்கெட் கழன்றாலும், தகடு துருப்பிடித்தாலும் விளைவு ஒன்றுதான்: வண்டி நிற்காது. பழுதானால் நின்றுவிடும்படி இருக்க வேண்டிய சாதனம், பழுதானால் ஓடும்படி இருக்கிறது. குறைந்தபட்சம் சீல் செய்த இரட்டைத் தொடர்பு சுவிட்சாவது வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்த த்ராட்டில் பெட்டியில் உள்ள திருகுக்கு லாக் நட் போடவில்லை. அதிர்வில் அது தானாகப் பின்வாங்கி, பாதி வேகத்துக்கு வைத்த வண்டி முழு வேகத்தில் போகிறது. மூன்று வண்டிகளையும் தடத்திலிருந்து எடுத்து நிறுத்தியிருக்கிறோம். இதே சுவிட்ச் வைத்து விற்ற மற்ற வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் தாங்கள் உடனே தெரிவிக்க வேண்டும். இதில் எந்தப் பேரத்துக்கும் நாங்கள் தயாராக இல்லை.

அடுத்தது 150 சிசி வண்டிகளில் எஞ்சின் சக்தியை முன் புல்லியிலிருந்து பின்பக்கத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட். 40 மணி நேர ஓட்டத்துக்குள் மூன்று வண்டிகளிலும் பெல்ட் போயிற்று. ஓட்டுபவரின் முரட்டுத்தனம் என்று தங்கள் சர்வீஸ் பொறியாளர் எழுதியிருக்கிறார். முரட்டு ஓட்டத்துக்குப் பெல்ட்டில் தனி அடையாளம் உண்டு. சக்கரம் சேற்றில் மாட்டி அசையாமல் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால், முன் புல்லி பெல்ட்டின் ஒரே இடத்தைச் சுரண்டி அங்கே மட்டும் குழி விழும். ஒரு பெல்ட்டில் அப்படிக் குழி இருக்கிறது. அது ஓட்டியவர் தவறு, அதற்கு நாங்கள் பணம் கேட்கவில்லை. மற்ற இரண்டிலும் குழியே இல்லை. இரு பக்கச் சுவரும் முழு நீளத்துக்கும் ஒரே சீராகக் கண்ணாடிபோல் மினுங்குகின்றன. புதிதில் 20 மி.மீ. இருந்த அகலம் 17.6-க்கு வந்துவிட்டது. கவரைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தூள். பின்பக்க கிளட்ச் பெல் (கிளட்ச் ஷூ பிடிக்கும் இரும்புக் கிண்ணம்) நீலம் பாரித்திருக்கிறது. இரும்பு நீலமாவதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதைத் தங்கள் பொறியாளருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினின் சக்தியும் அதே அளவு குறையும். தங்கள் டீலரோ சென்னைக் கடற்கரையில் ஓட்டுவதற்கு அமைத்த ஜெட்டோடும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) ரோலரோடும் (சுழற்சிக்கேற்ப புல்லியின் விகிதத்தை மாற்றும் எடை) வண்டியை மலைக்கு ஏற்றி அனுப்பினார். முன் புல்லியில் இருக்கும் ஆறு ரோலர்களும் சமவெளி எடைக்கானவை. சக்தி குறைந்த எஞ்சினுக்கு அவை கனம். அதனால் புல்லி சீக்கிரமே மேல் விகிதத்துக்கு (டாப் கியர் போல) போய்விடுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் சுழற்சி இறங்கி, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் எல்லைக்கு வந்து நிற்கிறது. அங்கே கிளட்ச் ஷூ முழுதாகப் பிடிக்காமல் பெல்லில் உரசிக்கொண்டே சுற்றும். பெல்ட்டும் கிளட்சும் ஒரே கவருக்குள் அடைபட்டவை. ஷூ உரசுவதால் எழும் சூட்டில் பெல்ட் வெந்துபோகிறது. போதாக்குறைக்கு, கவருக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். செம்மண் அப்பி அதன் வலை அடைத்துக்கொள்கிறது.

இதை ஊகமாக எழுதவில்லை. ஒரு வண்டியில் மட்டும் ரோலர்களை ஒவ்வொன்றும் 2 கிராம் குறைவானதாக மாற்றி, மெயின் ஜெட்டை 110-லிருந்து 102-க்கு இறக்கி, காற்றுக் குழாயை சீட்டுக்கு அடியில் உயர்த்திக் கட்டினோம். பிறகு அதே தடம், அதே பயன்பாடு. 90 மணி நேரம் தாண்டியும் அந்தப் பெல்ட் 19.2 மி.மீ. இருக்கிறது. செலவு ஒரு புதுப் பெல்ட்டின் விலைகூட ஆகவில்லை. தாங்கள் தந்த கையேட்டில் உயரத்துக்கான ஜெட் எண்ணும் இல்லை, ரோலர் எடையும் இல்லை. 'மலைக்கேற்ற வண்டி' என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் அச்சிட வேண்டிய முதல் அட்டவணையே அதுதான்.

ஜெட்டை மாற்றாமல் விட்டதால் எஞ்சினுக்கும் கேடு வந்திருக்கிறது. காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்த கலவையில் பிளக் கரிபிடிக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். இதோடு ஏர் பாக்ஸ் (காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டி) மூடியில் ஒட்டிய பஞ்சு சீலும் மூலைகளில் இடைவெளி விடுகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம்: ஃபில்டருக்கு அடுத்த குழாயின் உள்சுவரில் விரலால் கிரீஸ் தடவி, ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, ஃபோம் ஆயில் பிசைந்து மாட்டிய மறுநாளும் எங்கள் வண்டிகளில் கிரீஸ்மேல் செம்மண் ஒட்டியிருந்தது. ஆகவே ஃபில்டரைக் குறை சொல்ல முடியாது, மண் மூடி வழியாகத்தான் நுழைகிறது. ஒரு வண்டிக்கு பிஸ்டன் ரிங் போய், ஆயில் புகைகிறது. சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் குறைவாகக் காட்டியதற்கு "மலையில் அப்படித்தான் காட்டும்" என்றார் டீலர். பாதி உண்மை. உயரத்தில் கேஜ் அளவு குறையத்தான் செய்யும். அதனால்தான் காற்றேற்றிக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் சோதனை செய்யும்படி கேட்டோம். ஆயில் மூடியைத் திறந்ததும் கிரேங்க் கேஸிலிருந்து காற்று சீறியது. அது ரிங் வழியாக வரும் கசிவு, உயரத்தால் வந்த குறை அல்ல.

150 வண்டிகளின் பின் ஆக்சில் பேரிங்குகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கேரியரில் (ஆக்சிலைத் தாங்கும் கூடு) இருந்தவை இரு பக்கமும் தகடு மூடிய ZZ (இசட்-இசட்) வகைப் பேரிங்குகள். தகடு தூசியைத் தடுக்கும், நீரைத் தடுக்காது. ஓடைக்குள் இறங்கி ஏறும் வண்டிக்கு ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் வகை போட வேண்டும். விலை வித்தியாசம் அற்பம். கேரியரில் கிரீஸ் நிப்பிளும் இல்லை. ஹப் நட்டுகள் மரையைக் கழலாமல் பிடிக்கும் திரெட் லாக் திரவம் இல்லாமல் வந்து, தளர்ந்து, இரண்டு ஆக்சில்களின் ஸ்ப்ளைன் பல் (ஹப்பைப் பிடிக்கும் முனைப் பற்கள்) மழுங்கிவிட்டது. டெலிவரி அன்று டயர்களில் இருந்த காற்று 18 பிஎஸ்ஐ. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது 5. பெட்ரோல் பங்க் கேஜில் 5 பிஎஸ்ஐ சரியாகத் தெரியாது, இதற்கென்று குறைந்த அழுத்த கேஜ் வேண்டும். 18-ல் ஓடும் டயர் பந்துபோல் துள்ளும், ஒவ்வொரு கல்லின் அடியும் முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் பால் ஜாயின்ட்டுக்கும் டை ராடுக்கும் நேரே போய்ச் சேரும். டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைப் படிவத்தில் 'டயர் சரி' என்று டிக் அடித்திருக்கிறார்கள்.

400 சிசி வண்டிகளின் எஞ்சினைப் பற்றி எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல எஞ்சின், நல்ல கூலிங். பழுதெல்லாம் கீழே. முன் ஆக்சில் ஜாயின்ட்டை மூடி கிரீஸைக் காக்கும் ரப்பர் உறையான 'பூட்'டை இறுக்கும் பட்டை மெல்லிய தகடு. சூடேறி கிரீஸ் இளகியதும் பட்டை நழுவி, கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போகிறது. ஹேண்டிலை முழுதாகத் திருப்பி மெல்ல நகர்த்தினால் 'டக் டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு பூட் மாற்றிப் பயன் இல்லை, ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். கம்பியோ குச்சியோ கிழித்த பூட்டுக்கு நாங்கள் வாரண்டி கேட்க மாட்டோம். பைகளில் இருக்கும் நான்கு பூட்டுகளிலும் ஒரு கிழிசல்கூட இல்லை. சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம் கையின் மூட்டிலுள்ள புஷ்கள் நைலான், கிரீஸ் ஏற்ற வழியில்லை. புஷ்ஷுக்கும் போல்ட்டுக்கும் நடுவே மண் போய் அரைத்து, சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள் விளிம்பு மட்டும் தேய்கிறது.

பெல்ட் வண்டி என்றாலே உழைக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. போலாரிஸ் 1985-ல் டிரெயில் பாஸ் வண்டியைக் கொண்டுவந்த நாளிலிருந்தே பெல்ட்டைத்தான் நம்பி வந்திருக்கிறது. யமஹாவின் கிரிஸ்லியில் நழுவும் வேலையை ஆயிலில் மூழ்கிய கிளட்ச் எடுத்துக்கொள்கிறது, பெல்ட் எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கிறது. ஒருவழி பேரிங் இருப்பதால் இறக்கத்திலும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஹோண்டா 1986-ல் நாலு சக்கர இழுவையோடு விட்ட ஃபோர்டிராக்ஸ் 350-ல் பெல்ட்டே கிடையாது, எல்லாம் பல்சக்கரமும் ஷாஃப்டும். அந்த வகை வண்டிக்கு ஜாஸோ எம்ஏ (ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்ற) தர ஆயிலை ஒழுங்காக ஊற்றினால் கிளட்சும் நீடிக்கும். தங்கள் 150-ல் இருப்பது ஸ்கூட்டரில் வரும் உலர் கிளட்ச். சுழற்சி இறங்கியதும் அது கழன்றுகொள்ளும், இறக்கத்தில் வண்டி நியூட்ரலில் உருள்வதுபோல உருளும், பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். அப்படியிருந்தும் விளம்பரத் தாளில் 'மலை இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்' என்று மூன்று மாடல்களுக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பிப் புதியவர் ஒருவர் இறக்கத்தில் பிரேக்கை விட்டால் என்ன ஆகும்? 150-க்கு அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

வாடகைப் பயன்பாடு என்ற காரணத்துக்கும் பதில் சொல்கிறோம். தங்கள் டீலர் தந்த விலைப்பட்டியலிலேயே 'வாடகைத் தடத்துக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கிறது, நகலை இணைத்துள்ளோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7), சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. வண்டிகளை ஓட்டவிடுவதும் கழுவுவதும் பழுது பார்ப்பதும் நாங்கள் மூவரே.

எங்கள் கோரிக்கை இது. 110 வண்டிகளுக்கு சீல் செய்த கில் சுவிட்சும் லாக் நட்டும் 7 நாட்களுக்குள் வர வேண்டும். 150 வண்டிகளுக்கு இரண்டு பெல்ட், மூன்று கிளட்ச் பெல், மலைக்கேற்ற ரோலரும் ஜெட்டும், ஏர் பாக்ஸுக்கு ரப்பர் வார்ப்பு சீல், ரிங் போன எஞ்சினுக்கு சிலிண்டர் கிட், ஆறு 2ஆர்எஸ் பேரிங், இரண்டு பின் ஆக்சில். 400 வண்டிகளுக்கு நான்கு பூட் கிட், சத்தம் வரும் ஒரு ஜாயின்ட், கிரீஸ் நிப்பிள் வைத்த புஷ் ஒரு செட். இவை 30 நாட்களுக்குள் விலையின்றி வர வேண்டும். கூடவே உயரத்துக்கான ஜெட், ரோலர் அட்டவணையையும், சேறும் தூசியும் உள்ள இடங்களுக்கான சர்வீஸ் இடைவெளியையும் தமிழில் அச்சிட்டு, இந்த மாடல்களை வாங்கிய அனைவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பாகங்களை நேரில் பார்க்கப் பொறியாளரை அனுப்புவதானால், வெர்னியர் காலிப்பரும் லீக்-டவுன் கேஜும் கொண்டுவரச் சொல்லுங்கள். அளவெடுக்காமல் எழுதும் ஜாப் கார்டில் இனிக் கையெழுத்திட மாட்டோம். 30 நாட்களில் பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். கில் சுவிட்ச் விஷயத்தில் 7 நாள்தான்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்கள் மூவர்

இணைப்பு: பில் நகல்கள், டீலர் விலைப்பட்டியல் நகல், ஜாப் கார்டு நகல்கள், வண்டிவாரியாக ஹவர் மீட்டர் கணக்கு, கழற்றிய பாகங்களின் புகைப்படங்கள், கில் சுவிட்ச் சோதனையின் வீடியோ.