கள ஆய்வாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கையை வாசிக்கும்போது பின் வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டதாகப் பொருளாளர் சொன்னார். அதனால் கூட்ட எண்ணிக்கை, தீர்மான எண், பொன்னாடைப் பட்டியல் எல்லாம் மினிட் புத்தகத்திலேயே இருக்கட்டும், வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம்.

நம்மில் பாதிப் பேர் சோப்பு, டிவி சேனல், யாருக்கு ஓட்டு என்று கேட்டுப் பழகியவர்கள். நாளொன்றுக்கு இத்தனை படிவம், படிவத்துக்கு இத்தனை ரூபாய். அதே வேகத்தில் வாசல்படியில் நின்றுகொண்டு "வீட்டுக்காரர் அடிப்பாராம்மா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "அதெல்லாம் இல்லப்பா". நாமும் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த டிக்குகளைக் கூட்டித்தான் இந்தப் பகுதியில் பிரச்சினையே இல்லை என்று யாரோ மேலே எழுதுவார்கள், அப்புறம் அங்கே தடுப்பு வேலைக்குப் பணமும் வராது ஆளும் வராது.

முதல் நாள் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொண்டோம். 2019-21இல் எடுத்தது. மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 29%, தமிழ்நாட்டில் 38%. நம் ஊரில் அதிகம் அடிக்கிறார்களா, இல்லை நம் பெண்கள் கொஞ்சம் கூடுதலாக வாய் திறக்கிறார்களா என்று டீ ஆறும்வரை சண்டை. தீரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது, கேட்கிற ஆளைப் பொறுத்தும் எண் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டு ஆய்வு செர்பியாவில் நடந்தபோது, அனுபவசாலிகளுக்கு ஒரே நாள் கூடுதல் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள், புதியவர்களுக்கு நிதானமாக நீண்ட பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அனுபவசாலிகளிடம் வன்முறையைப் பற்றிச் சொன்ன பெண்கள் 21%, புதியவர்களிடம் 26%. இதைக் கேட்டதும் நம் மூத்த உறுப்பினர்கள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் (நானும் அதில் ஒருவன்தான்).

'வன்முறை', 'வன்கொடுமை' என்ற சொற்களையே கேள்வியிலிருந்து எடுத்துவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அது பேப்பரில் வருகிற சமாச்சாரம், நம் வீட்டில் நடப்பது வெறும் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையை முறுக்கியிருக்கிறாரா, முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாரா, பிடித்துத் தள்ளியிருக்கிறாரா, கத்தியைக் காட்டியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த இரண்டாவதுதான் யாருக்கும் வரவில்லை. பத்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் "சரி, அடுத்த கேள்வி" என்று குதித்துவிடுகிறார்கள்.

நடித்துப் பார்த்தது நன்றாக வேலை செய்தது. ஜமுக்காளம் விரித்து அதுதான் வீடு என்று வைத்துக்கொண்டோம். ஒரு அக்கா மருமகள், இன்னொரு அக்கா மாமியார். கேள்வி சூடு பிடிக்கிற நேரத்தில் மாமியார் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து "என்னடி பேசிக்கிட்டிருக்கீங்க?" என்றார். கேட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு வேர்த்துவிட்டது, படிவத்தை அவசரமாகக் கவிழ்த்தார். கவிழ்த்தாலே சந்தேகம் வந்துவிடும். அதற்காகவே கடைசிப் பக்கத்தில் உப்பு, எண்ணெய், காய்ச்சல் பற்றிச் சில கேள்விகள் வைத்திருக்கிறோம். மூன்றாம் ஆள் வந்தால் முகம் மாறாமல் "அயோடின் உப்புதான் வாங்குறீங்களா?" என்று தாண்டிவிட வேண்டும். மறுநாள் அதே தம்பி உப்பைப் பற்றி மாமியாரிடமே கால் மணி நேரம் பேசினார். அது கொஞ்சம் அதிகம். இந்தக் கேள்விகளுக்குப் பெண்கள்தான் போக வேண்டும் என்றும் அன்றைக்கே முடிவு செய்தோம். ஆண்கள் வழி காட்டுவது, படிவம் சரிபார்ப்பது, தெருமுனையில் நிற்பது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும். தனிமை கிடைக்காவிட்டால் படிவத்தில் அந்தக் கேள்விகளை விட்டுவிட வேண்டும், அதற்காக யார் கூலியும் பிடிக்கப்படாது.

உதவி எண்களை அச்சடித்ததில் முதலில் சொதப்பினோம். '181 பெண்கள் உதவி மையம்' என்று பெரிதாகப் போட்ட நோட்டீஸ், அடிக்கிறவர் கையில் கிடைத்தால் அன்றைக்கு இன்னொரு அடி. பிறகு ஆம்புலன்ஸ் 108, மின்தடை எண், 181, குழந்தைகளுக்கான 1098 எல்லாம் கலந்த சின்ன அட்டையாக மாற்றினோம். பழைய கட்டு அலுவலக அலமாரியில் இருக்கிறது, பின்பக்கத்தில் கணக்கு எழுதலாம்.

குழந்தைகள் பகுதியில்தான் பெரிய வாக்குவாதம். 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்ட 12,447 குழந்தைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள், அதில் பையன்களும் பெண் பிள்ளைகளுக்குக் குறையவில்லை. நம் வரைவுப் படிவத்தில் பையன்களுக்குக் கேள்வியே இல்லை. திருத்தினோம். சண்டை அதில் இல்லை. ஒப்புதல் படிவத்தில் 'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது' என்று ஒரு வரி இருந்தது. போக்சோ சட்டம் 19வது பிரிவின்படி குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் 21வது பிரிவில் ஆறு மாதம்வரை சிறை. அப்படியென்றால் ஒரு பிள்ளையிடம் பொய் வாக்கு கொடுத்துத்தான் பேச வைக்கிறோமா? முன்கூட்டியே சொன்னால் எந்தப் பிள்ளையும் பேசாது என்றது ஒரு கட்சி. சொல்லாமல் பேச வைத்துவிட்டு மறுநாள் போலீஸ் வந்தால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது என்றது இன்னொரு கட்சி. இரண்டு மாலைகள் பேசினோம். 'உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்வேன்' என்று இப்போது முதலிலேயே வாசிக்கிறோம். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஏழு வயதிலிருந்து வாய்மொழியாக, பன்னிரண்டிலிருந்து எழுத்தில். இதனால் சில பதில்கள் கிடைக்காமல் போகும். போகட்டும் என்பது என் கருத்து, ஒப்புக்கொள்ளாதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பெண் கேள்விகளை வாசித்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். யாரும் காரணம் கேட்கவில்லை. அவர் இப்போது தரவு பதிவு செய்கிறார், சம்பளம் அதேதான். ஆய்வு நடக்கும் நாட்களில் மாலை ஆறு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்ற வழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

இடம் தருவதாகச் சொன்ன ஒரு கல்லூரி, தலைப்பைப் பார்த்ததும் 'பெற்றோர் என்ன நினைப்பார்கள்' என்று பின்வாங்கியது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்தினோம், சாம்பார் வாசனையோடு. செலவில் பாதி ஜெராக்ஸ், மீதி டீ. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த பயிற்சி ஜூலையில். போன முறை வந்தவர்களில் நான்கு பேர் பயிற்றுநராக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மாமியாராக நடிக்க மட்டும் ஆள் வேண்டும். ஜமுக்காளம் இரண்டில் ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை, எடுத்துப் போனவர் மண்டபக்காரரிடம் கொடுத்துவிடவும்.